உதட்டில் கொப்புளம், தொட்டிலில் குழந்தை

அக்கா பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருக்கிறாள். குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. பள்ளி விட்டதும் நீங்கள் ஓடி வருவது தொட்டிலருகேதான். இன்று காலையிலிருந்து உங்கள் கீழுதட்டின் ஓரத்தில் ஒரு குறுகுறுப்பு. மாலையில் பார்த்தால் அங்கே நான்கைந்து சிறு நீர்க்கொப்புளங்கள். "உடம்புச் சூடு, தானே போய்விடும்" என்கிறார் பாட்டி. குழந்தையைத் தூக்கிக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுக்கலாமா?

கூடாது என்பதே விடை. ஏன் கூடாது, எதுவரை கூடாது, முத்தத்திற்குப் பதில் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே காண்போம்.

சூடா, வைரஸா?

இக்கொப்புளத்தை உதட்டு அக்கி என்பார்கள். முதுகிலோ விலாவிலோ பட்டையாகத் தோன்றி எரியும் அக்கி வேறு. அதற்குக் காரணம் சின்னம்மை வைரஸ். உதட்டு அக்கியை உண்டாக்குவது 'ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ்' எனும் வைரஸின் முதல் வகை. உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே இது வந்தவர் வெட்கப்பட ஏதுமில்லை.

இந்த வைரஸின் விட்டம் சுமார் 200 நானோமீட்டர். ஐயாயிரம் வைரஸ்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அலைநீளத்தைவிடச் சிறிதான இப்பொருளின் அமைப்பைச் சாதாரண நுண்ணோக்கி காட்டாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். எனவே, "என் கை சுத்தமாகத்தானே இருக்கிறது?" என்று கண்ணை நம்பிக் கேட்பதில் பொருளில்லை.

உறங்கும் விருந்தாளி

பெரும்பாலோருக்கு இந்த வைரஸ் சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது. உதட்டுப் புண் ஆறிய பிறகும் அது உடலைவிட்டு நீங்குவதில்லை. முகத்திற்கு உணர்ச்சி தரும் நரம்பின் வழியே பின்வாங்கி, மண்டையோட்டினுள் உள்ள நரம்பு முடிச்சில் உறங்குகிறது. காய்ச்சல், களைப்பு, மனக்கவலை, கடும் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் ஆகியவை அதை எழுப்பக்கூடும். அப்போது அது வந்த வழியே திரும்பி, பெரும்பாலும் பழைய இடத்திலேயே கொப்புளமாக வெளிப்படுகிறது. பாட்டி சொன்ன 'சூடு' முழுப் பிழையன்று. காய்ச்சலும் வெயிலும் வைரஸை எழுப்புகின்றன, ஆனால் படைப்பதில்லை.

முதலில் குறுகுறுப்பு, பிறகு கொப்புளம், அது உடைந்து புண், அதன்மேல் பொருக்கு என நான்கு படிகள். ஏழு முதல் பத்து நாள்களில் பொதுவாக ஆறிவிடும். கொப்புள நீரில் வைரஸ்கள் ஏராளம். குறுகுறுப்பு தொடங்கிய நாளிலிருந்து, பொருக்கு உதிர்ந்து தோல் முழுதும் ஆறும்வரை, நீங்கள் பிறருக்குத் தொற்றை அளிக்கலாம்.

குழந்தைக்கு ஏன் ஆபத்து?

நமக்கு ஒரு வாரத் தொல்லையாக முடிவது, பிறந்து நான்கு வாரம் நிரம்பாத குழந்தைக்கு உயிராபத்து ஆகலாம். அதன் நோயெதிர்ப்பு ஆற்றல் இன்னும் முதிரவில்லை. எனவே வைரஸ் தோலோடு நில்லாமல் மூளை, கல்லீரல், நுரையீரல் வரை பரவக்கூடும். தாய்க்கு முன்பே இத்தொற்று இருந்திருந்தால், அவள் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்கு வந்து ஓரளவு காக்கும். ஆனால் தாய்க்கு இத்தொற்று வந்ததே இல்லையெனில் குழந்தைக்கு அந்தக் காப்பும் இல்லை. இது அரிதாக நேர்வதுதான். எனினும் அரிதென்று அசட்டையாக இருக்கலாகாது.

செய்ய வேண்டியவை

புண் ஆறும்வரை குழந்தையை முத்தமிடாதீர்கள். கையிலும் வேண்டாம், குழந்தையின் கை அடுத்த நொடியே வாய்க்குப் போய்விடும். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். அதைத் தொட்ட விரலால் உங்கள் கண்ணையும் தொடாதீர்கள்; கருவிழியில் புண் வரலாம். உங்கள் துண்டும் தம்ளரும் தனியாக இருக்கட்டும்.

குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பினால் ஆனது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை கொழுப்பை நாடும். இரண்டுமாகச் சேர்ந்து உறையைக் குலைத்துவிட, வைரஸ் செயலிழக்கிறது.

தாய்க்கே உதட்டில் புண் வந்தால்? பாலூட்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. பால் வழியே இது பரவுவதில்லை. கை கழுவி, வாயைத் துணியாலோ முகக்கவசத்தாலோ மூடிக்கொண்டு பாலூட்டலாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சில ஊர்களில் பிறந்த குழந்தையின் நாவில் பெரியவர் ஒருவர் விரலால் சேனை தொட்டு வைப்பார். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் வாயால் ஊதுவோரும் உண்டு. அன்பினால் செய்வதுதான், ஆனால் புண் வெளியே தெரியாத நாள்களிலும் சிலரது எச்சிலில் வைரஸ் இருக்கக்கூடும். எனவே இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. பாட்டியிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

தாமதம் கூடாது

பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு உறங்கிக்கொண்டே இருந்தாலோ, காய்ச்சல், வலிப்பு, மூச்சுத் திணறல், தோலில் கொப்புளம் இவற்றில் ஏதேனும் தோன்றினாலோ, அந்த மணியே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கொப்புளம் தோன்றட்டும் என்று காத்திருக்கலாகாது. சில குழந்தைகளுக்கு அது தோன்றுவதே இல்லை. வீட்டில் யாருக்கேனும் உதட்டு அக்கி இருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதைச் சொல்லக் கூடியவர் வீட்டில் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம்.

இதற்கு 'அசைக்ளோவிர்' எனும் மருந்து உண்டு. வைரஸின் நொதியே இம்மருந்தை முடுக்கிவிடுவதால், அது தொற்றிய செல்லில்தான் பெரிதும் வேலை செய்யும். இத்தகைய மருந்துகளுக்கு வழிகண்ட கெர்ட்ரூட் எலியன் 1988-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குழந்தைக்கு இம்மருந்தை நரம்பூசி வழியே மருத்துவமனையில்தான் செலுத்துவர். விரைவில் தொடங்கினால் பயன் மிகுதி.

செய்து பாருங்கள்

இரண்டு தம்ளர்களில் பாதியளவு நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு நல்லெண்ணெய் விடுங்கள். ஒன்றில் மட்டும் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து இரண்டையும் கலக்குங்கள். சற்று நேரம் கழித்து எண்ணெய் எதில் மேலே மிதக்கிறது, எதில் நுண்துளிகளாகக் கலந்து நிற்கிறது என்று பாருங்கள். வெறும் நீரில் கை நனைப்பதற்கும் சோப்புப் போட்டுக் கழுவுவதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

பிறகு கை கழுவிக்கொண்டு வந்து தொட்டிலை ஆட்டுங்கள். கதை சொல்லுங்கள், தாலாட்டுப் பாடுங்கள். முத்தம் மட்டும் காத்திருக்கட்டும்.