ஊத் வாசிப்பவருக்கு எகிப்திய இசை: எங்கே தொடங்குவது?

வேங்கிக்காலில் வீணை பழகிய ஒருவர் ஊத் வாங்கினால், எகிப்தின் பழைய இசை அவருக்கு முழுக்க அந்நியமாக இருக்காது. மகாம் என்பது அரபு இசையில் நம் ராகம் மாதிரி; 'குர்த்' மகாமின் ஸ்வரங்கள் ஏறக்குறைய தோடி, 'அஜம்' சங்கராபரணம். கமகத்தை மட்டும் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது உம் குல்தூம் பாடிய 'என்த உம்ரி' (1964). முகமது அப்துல் வஹாப் இசையமைத்தது, குர்த் மகாமில். நீளத்தைக் கண்டு மிரள வேண்டாம். பாட்டுக்கு முன்னால் வரும் வாத்திய இசையை மட்டும் எடுத்துக்கொண்டு, துண்டு துண்டாகத் தந்தியில் பிடித்துப் பார்க்கலாம்.

திணறல் 'ரஸ்த்' மகாமில்தான் வரும். அதன் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே நிற்கிறது. ஆர்மோனியத்தில் அதற்குக் கட்டையே கிடையாது. ஊத்தில் வீணையைப் போல மெட்டுகள் இல்லாததால் விரல் அங்கே போய்விடும், காது பழகியிருந்தால். அதனால் வாசிக்கும் முன் வாய்விட்டுப் பாடிப் பார்ப்பதே உத்தமம்.

தாளத்துக்கு இப்ராஹிம் அல் அர்யானின் 'சமாயி பயாத்தி': பத்து எண்ணிக்கை, 3-2-2-3. கை தட்டிப் பழகிய பிறகு தந்தியைத் தொடலாம்.

இன்னொன்று. ஊத்தின் குடம் மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டிச் செய்தது. சித்திரை வெயிலில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவைத்தால் பசை இளகிவிடும்.