குன்மிங் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு

டாக்டருக்குப் படிக்க நான் 2009இல் சீனாவின் குன்மிங் நகரத்துக்குப் போனேன். வெம்பக்கோட்டைக் கரிசலில் வளர்ந்த எனக்கு மலை என்றால் மேற்கே தெரியும் நீலக்கோடுதான். குன்மிங்கின் உயரம் சுமார் 1,890 மீட்டர், ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வு. ஊட்டிக்கு மூன்று நாள் போய்வருவது வேறு, அங்கேயே ஆறு வருஷம் குடியிருப்பது வேறு. நம் பக்கத்திலிருந்து கிளம்புகிற உங்களுக்குச் சில சொல்ல வேண்டும்.

1. கிளம்புமுன் ஹீமோகுளோபின் பாருங்கள். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். ஆனால் அந்த உயரத்தில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவாகவே உள்ளே போகும். ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ரத்தசோகையோடு போகிற பிள்ளைக்கு முதல் மாதம் பெரும்பாடு. பெண்பிள்ளைகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

2. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஓடாதீர்கள். முதல் வாரம் நின்று நின்று ஏறுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் பிடிக்கும். ஆபத்து விடுமுறைச் சுற்றுலாவில் இருக்கிறது. எல்லோரும் ஷாங்ரி-லா பார்க்கக் கிளம்புவார்கள். அது 3,300 மீட்டர். வழியில் 2,400 மீட்டரில் இருக்கும் லிஜியாங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள்.

3. குக்கர் கொண்டுபோங்கள், கூடவே இரண்டு கேஸ்கட். தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சட்டியில் வைத்தால் பருப்பு கரையவே கரையாது.

4. ‘வசந்த நகரம்’ என்று பெயர் இருப்பதை நம்பிக் கம்பளியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பகல் வெயில் முகத்தைக் கருக்கும், ஜனவரி இரவில் விரல் மடங்காது. தென்சீன நகரங்களில் பெரும்பாலும் மையச் சூடேற்றி கிடையாது.

5. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் போன முதல் குளிர்காலம், சீனப் புத்தாண்டு இரவு. திடீரென்று நாலாபுறமும் வெடிச்சத்தம். கட்டிலிலிருந்து குதித்து ஜன்னலுக்கு ஓடினேன், புகை எந்தப் பக்கம் என்று பார்க்க. பட்டாசு ஆலையை ஃபயர் ஆபீஸ் என்கிற நம் ஊரில் வேளை கெட்ட வேளையில் சத்தம் கேட்டால் எந்த ஃபயர் ஆபீஸ் என்றுதானே முதலில் கேட்போம்? அம்மா அப்போது அங்கே வெடிமருந்து செலுத்தும் வேலையில் இருந்தாள். நெஞ்சு படபடத்தது, மூச்சு கிடைக்கவில்லை. உயரம்தான் காரணம் என்று அறைத்தோழிகளிடம் சொன்னேன். நான்கு மாதமாக எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்லிவந்தேன். தூக்கம் வராததையும், சோறு இறங்காததையும் மலைமேல் போட்டேன். ஆனால் உயரத்துக்கு உடம்பு சில வாரத்தில் பழகியிருந்தது. பழகாமல் கிடந்தது வீட்டு நினைப்பு. முதல் மாதம் கழிந்தும் மூச்சு முட்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் ஒன்றுமில்லை என்றால் மனசில் இருப்பதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். அன்று ஒரு நேபாளத் தோழி விடியும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தாள். அழுதபிறகுதான் தூங்கினேன்.

6. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் நோயாளி சீனத்தில்தான் வலியைச் சொல்வார். முதல் நாளிலிருந்தே படியுங்கள். மொழி அந்நியமாகத் தோன்றும்போது செங் ஹேயை நினைத்துக்கொள்ளுங்கள். 1371இல் இன்றைய குன்மிங்கின் ஜின்னிங் பகுதியில் பிறந்த கடற்தளபதி அவர். இலங்கையின் காலியில் அவர் நிறுவிய, 1409ஆம் ஆண்டிட்ட கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் இருக்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். அந்த ஊர்க்காரர் அறுநூறு வருஷத்துக்கு முன்பே நம் எழுத்தைக் கல்லில் வெட்டவைத்தார். நமக்கு அவர்கள் எழுத்து வராதா?

7. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை வரிவரியாகப் படியுங்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, திரும்பியபின் இங்கே தேர்வும் பயிற்சியும். ஏஜெண்ட் சொல்வதை மட்டும் நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

8. வீட்டோடு எப்படிப் பேசுவது என்று கிளம்புமுன்பே முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் அங்கே முடக்கப்பட்டிருக்கிறது, வீசாட்டுக்கு 2020 முதல் இங்கே தடை. சாதாரண அழைப்புக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். ஃபயர் ஆபீசுக்குள் அம்மா போன் கொண்டுபோக முடியாது. பகலில் அடித்து, எடுக்கவில்லையே என்று பதறாதீர்கள். வேனிலிருந்து இறங்கி முகம் கழுவி அவள் திண்ணையில் உட்கார ஆறு மணி ஆகும். உங்களுக்கு அப்போது எட்டரை.