சாப்பாட்டு நேரம் கேட்ட தொழிலாளர்கள்

நகரியில் விசைத்தறிகள் ஓடுகின்றன. புத்தூரிலும் நாராயணவனத்திலும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்று வாழும் குடும்பங்கள் இங்கே பல.

ஒரு காலத்தில் சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் இருந்தன. அந்த மாகாணத்தின் தலைநகரம் சென்னை. அங்கே துணி ஆலைத் தொழிலாளர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சங்கத்தின் கதை இது.

அரை மணி நேரம்

சென்னைப் பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலை, கர்நாடிக் ஆலை என இரண்டு பெரிய ஆலைகள் இருந்தன. இரண்டையும் பின்னி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி நடத்தியது. மக்கள் அவற்றை பி அண்ட் சி மில் என்று அழைத்தார்கள்.

அப்போது 1911ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. அதன்படி துணி ஆலையில் ஓர் ஆணை நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடுவில் சாப்பிட அரை மணி நேரம்தான். அதற்குள் கை கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், மறுபடி இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். தொழிலாளர்கள் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

பஜனை சபையில் பேச்சு

பெரம்பூரில் ஒரு பக்தி சபை இருந்தது. அதன் பெயர் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை. திருப்பதி ஏழுமலையான் பெயரைக் கொண்ட சபை. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகிய இருவரும் அதில் ஈடுபட்டிருந்தார்கள். இவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். ஆனால் தொழிலாளர்களோடு நெருங்கிப் பழகியவர்கள். சபைக்கு வந்த தொழிலாளர்கள் தங்கள் கஷ்டங்களை இவர்களிடம் சொன்னார்கள்.

இருவரும் பி.பி. வாடியா என்பவரைப் போய்ப் பார்த்தார்கள். வாடியா அன்னிபெசன்ட் அம்மையாரோடு பணி செய்தவர். தமிழறிஞர் திரு.வி.க.வும் துணைக்கு வந்தார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர் ஆனார்.

சாப்பாட்டு நேரத்தைக் கூட்டித் தர வேண்டும் என்று சங்கம் கேட்டது. அரை மணி நேரம் 40 நிமிடம் ஆயிற்று. கிடைத்தது பத்தே நிமிடம். ஆனால் சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்று தொழிலாளர்கள் கண்டுகொண்டார்கள்.

துப்பாக்கியும் வழக்கும்

1920ஆம் ஆண்டு ஆலையில் தகராறு முற்றியது. கம்பெனி ஆலைக் கதவைச் சாத்தியது. டிசம்பர் 9ஆம் நாள் போலீசார் துப்பாக்கியால் சுட்டார்கள். பாபுராவ், முருகன் என்ற இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கம்பெனி உயர் நீதிமன்றத்துக்கும் போனது. வாடியா மீதும் மற்றத் தலைவர்கள் மீதும் வழக்குப் போட்டது. தொழிலாளர்களை வேலைக்குப் போகவிடாமல் தூண்டினார்கள், அதனால் நஷ்டம், அதற்கு ஈடு தர வேண்டும் என்பது வழக்கு. நீதிமன்றம் தலைவர்களுக்குத் தடை போட்டது. அன்று தொழிற்சங்கத்தைக் காக்க நம் நாட்டில் சட்டம் இல்லை. 1921ஆம் ஆண்டு சமரசம் ஏற்பட்டது. அதன்படி வாடியா சங்கத்தை விட்டு விலகினார்.

ஒற்றுமை உடைந்தது

1921ஆம் ஆண்டு ஜூன் மாதம் மறுபடி வேலைநிறுத்தம் வந்தது. அக்டோபர் வரை நீடித்தது. வீடுகளில் பட்டினி. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் அவர்கள் மேல் கோபம் கொண்டார்கள். புளியந்தோப்பில் கலவரம் நடந்தது. குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது.

இதில் ஓர் உண்மை இருக்கிறது. அன்று ஊரில் தீண்டாமை இருந்தது. கிணறு வேறு, தெரு வேறு என்று பிரித்து வைத்தார்கள். போராடும் நாளில் மட்டும் 'நாம் ஒன்று' என்று சொன்னால் மனம் ஒட்டுமா? மற்ற நாட்களிலும் சமமாக நடத்தினால்தான் போராடும் நாளில் ஒற்றுமை நிற்கும்.

தோல்வியிலிருந்து வந்த சட்டம்

சென்னை வழக்கு நாடு முழுவதும் பேசப்பட்டது. சங்கம் வைத்தால் வழக்கு வருமா என்று பலர் கேட்டார்கள். 1921ஆம் ஆண்டு மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி எழுந்தார். தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினார்கள் என்று சொல்லி, பதிவு பெற்ற சங்கத்தின் மேல் நஷ்டஈடு வழக்குப் போடும் வழியையும் அது அடைத்தது.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. அது 2020ஆம் ஆண்டு நிறைவேறியது. 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்தது. அதிலும் ஏழு பேர் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலையிடத்தில் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் சங்கத்தில் இருக்க வேண்டும்.

பி அண்ட் சி மில் 1996ஆம் ஆண்டு மூடப்பட்டது. இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஆனால் அந்தத் தொழிலாளர்கள் பட்ட பாட்டால் பிறந்த உரிமை நிற்கவில்லை. தறிக்காரருக்கும் அது உண்டு. பீடி சுற்றும் பெண்ணுக்கும் அது உண்டு.

புதிய சொற்கள்

மாகாணம் – வெள்ளைக்காரர் ஆட்சியில் இருந்த பெரிய நிலப்பிரிவு.
கதவடைப்பு – முதலாளி ஆலையை மூடித் தொழிலாளர்களை வெளியே நிறுத்துவது.
நஷ்டஈடு – நஷ்டத்துக்காகத் தரும் பணம்.

கலந்து பேசுங்கள்

1. சங்கம் முதலில் என்ன கேட்டது? எவ்வளவு கிடைத்தது?
2. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் ஏன் தோற்றது?
3. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் சாப்பிட எவ்வளவு நேரம் தருகிறார்கள்? எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களா?