108 போர்வையும் ஒரு மோதிரமும்

நம்பிக்கை: சால்வை, போர்வையெல்லாம் குளிர்ப் பிரதேசத்துச் சங்கதி. வெயில் கொளுத்தும் நம்மூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கார்த்திகை மாதம் கைசிக ஏகாதசிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் கருடாழ்வாருக்கும் 108 போர்வை சாற்றுகிறார்கள். குளிர்கால உபசாரம்தான், ஆனால் கம்பளியைத் தேடினால் கிடைக்காது, சாற்றுவது பட்டு வஸ்திரம். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து இங்கே பட்டு வரும். புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து சூடிக் களைந்த மாலையோடு கிளியும் பட்டும் திருமலைக்குப் போகும். மயிலுக்கே போர்வை கொடுத்த வள்ளல் பேகனின் நாடும் நம்மூர்ப் பழனிமலைப் பக்கம்தான்.

மேடையில் போர்த்தும் பொன்னாடையும் இந்த வழியில் வந்ததுதான். அதைப் பாலியெஸ்டர் ஜரிகையாக மலிவாக்கி, வாங்கியவர் வீட்டுக்குக்கூடக் கொண்டுபோகாத பொருளாக்கிவிட்டோமே என்பது என் ஆதங்கம். ஒரு கைத்தறித் துண்டைப் போர்த்தினால் மரியாதையும் நிற்கும், தறியும் ஓடும்.

நம்பிக்கை: மாங்காய் டிசைன் வெள்ளைக்காரன் கொடுத்தது; ‘பெய்ஸ்லி’ என்ற பெயரே சாட்சி.

பெய்ஸ்லி என்பது ஸ்காட்லாந்தின் நெசவு நகரம். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து நெய்யத் தொடங்கிய ஊர். அசல் உருவம் அதற்கு வெகு முந்தியது. 17ஆம் நூற்றாண்டுச் சால்வைகளின் தலைப்பில் மெல்லிய பூஞ்செடி ஒன்று தனியாக நிற்கும், முகலாயர் ரசனை. அடுத்த நூற்றாண்டில் பூக்கள் நெருங்கிக் கொத்தாகி, நுனி ஒரு பக்கம் சாய்ந்தது. 1800 வாக்கில் செடி போய், வளைந்த மாங்காய் மிஞ்சியது. பிறகு அது நீண்டு நெளிந்து சால்வை முழுக்கப் படர்ந்தது. இந்தக் கடைசி மாற்றத்தில் பிரெஞ்சு வியாபாரிகள் அனுப்பிய டிசைன்களுக்கும் பங்குண்டு.

காஷ்மீரில் கானி சால்வை நெய்பவர் முன்னால் படம் இருக்காது. எந்த நிறம், எத்தனை இழை என்று குறித்த ‘தாலிம்’ தாள்தான் இருக்கும். நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகளை அதன்படி ஒவ்வொன்றாகப் பாவுக்குள் கோத்துக்கொண்டே போவார். ஒரு சால்வை முடிய மாதங்கள், சிலதற்கு வருடங்கள். ஜக்கார்டு தறியின் மலிவுச் சரக்கு ஏற்கெனவே நெருக்கியது; 1870-71 பிரான்ஸ்-பிரஷ்யா யுத்தத்தில் சந்தை விழுந்தது; 1877-ல் தொடங்கிய பஞ்சம் நெசவாளர்களைச் சாய்த்தது. நகல் எடுத்த ஊரின் பெயர் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

நம்பிக்கை: மோதிரத்துக்குள் நுழைந்தால் அசல் பஷ்மீனா.

ராஜபாளையத்தில் இந்தப் பேச்சு எடுபடவே கூடாது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கிய காலத்திலிருந்து நூலோடு புழங்குகிற ஊர் அது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியைச் சுருட்டி இழுத்தால் அதுவும் மோதிரத்தில் நழுவிப் போய்விடும். மோதிரச் சால்வை என்று பேரெடுத்தது ஷாதூஷ். சிரு என்ற திபெத்திய மானைக் கொன்றுதான் அதன் ரோமத்தை எடுக்கிறார்கள் என்பதால் விற்பது குற்றம். பஷ்மீனா அப்படியில்லை, லடாக் பக்கத்து ஆடுகளிடமிருந்து சீவி எடுக்கும் உள்முடி.

சந்தேகம் வந்தால் ஓரத்து இழை ஒன்றைப் பிடுங்கிக் கொளுத்திப் பாருங்கள். ரோமமானால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் விரலில் நொறுங்கும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாகும். வெள்ளாட்டின் ரோமமா செம்மறியினுடையதா என்பதை மட்டும் நுண்ணோக்கிதான் சொல்லும்.

நம்பிக்கை: தோடர் சால்வை தோடர்களே நெய்தது.

நெசவு நீலகிரித் தோடர்களின் தொழில் இல்லை. சமவெளியில் நெய்த முரட்டுப் பருத்தித் துணியில், சட்டமோ வரைபடமோ இல்லாமல் இழைகளை எண்ணி எண்ணி, தோடர் பெண்கள் சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது அந்தப் பூவேலைதான். ஊட்டிக் கடையில் வாங்குமுன் புரட்டிப் பாருங்கள்: கைவேலை இரண்டு பக்கமும் தெரியும், அச்சடித்ததன் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும்.