அறுபத்தாறாவது அடி

ஜெயமங்கலம்,
ஆடி மாதம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ வேலையில் சேர்ந்த சேதியை உன் அப்பன் போனில் சொன்னான். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தில் ஒருங்கிணைப்பு வேலை என்றதும் பெரியம்மா, "அதுல புள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். "எல்லாத் துறைக்காரங்களையும் ஒரே மேசையில உக்கார வைக்கணும்" என்றேன். "கல்யாண வீட்டுல ரெண்டு பக்கத்துச் சம்பந்தியையும் உக்கார வைக்கிற மாதிரியா? பாவம் அவ" என்றாள். வேளாண்மைத் துறையில் 33 வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இதைவிடச் சரியாகச் சொல்ல வந்திருக்காது.

அடுத்த மாதம் முதல் கூட்டம், என்ன செய்யலாம் பெரியப்பா என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ ஊரில் இருந்தபோது பார்த்தது நினைவிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொடைக்கானல் மலைச்சரிவில் மழை இறங்கினால் சோத்துப்பாறை அணையில் 126 அடிக்குத் தண்ணீர் நிற்கும். அது நிறைந்து வழிந்தால் பெரியகுளம், வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம், குள்ளப்புரம் என்று வராக நதிக்கரை ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை வரும். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஓர் ஆள் தெருத்தெருவாகப் போவார். கிராம நிர்வாக அலுவலர் ஆற்றங்கரையில் குடை பிடித்து நிற்பார். அன்றைக்கு எந்தத் துறையும் இன்னொரு துறையின் கடிதத்துக்காகக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

வைகை அணையில் இது இன்னும் துல்லியம். மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்களுக்குச் சேதி போகும். ஐந்து ஆட்சியர்கள், அவர்களுக்குக் கீழே எத்தனையோ அலுவலகங்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, இருந்தும் வேலை நடக்கிறது. எப்படி நடக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தண்ணீர் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, யாரோ ஒருவர் சுவரில் அடிக்கோடு போட்டு, இந்தக் கோட்டில் இவர் இதைச் செய்யவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டார். கோடு நனைந்தால் அந்த ஆள் எழுந்தாக வேண்டும். அவருக்கு மற்ற துறைமீது பிரியம் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே கேள்வியே இல்லை.

உன் இயக்கத்தில் எல்லாம் இருக்கிறது. இந்தக் கோடு மட்டும்தான் இல்லை.

மேலிருந்து பார்த்தால் கட்டடம் பெரிதாகத்தான் தெரியும். 2008 ஜூன் 30 அன்று டெல்லியில் தேசியச் செயல்திட்டம் வெளியானது. சூரிய சக்தி, எரிசக்திச் சிக்கனம், நீர், வேளாண்மை, பசுமை இந்தியா என்று எட்டு இயக்கங்கள்; ஒவ்வொன்றும் அந்தந்த அமைச்சகத்தின் கையில். எட்டில் ஒன்று இமயமலைக்கு. நமக்குத் தண்ணீர் தரும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்று தனியாக ஒன்று இல்லை என்பது என் பழைய குறை, அது இருக்கட்டும். பாரிஸ் ஒப்பந்தத்தை நிறைவேற்ற 2020இல் 14 அமைச்சகங்களின் அதிகாரிகளைக் கொண்ட உயர்மட்டக் குழு அமைத்தார்கள். இங்கே தமிழ்நாட்டில் 2022இல் முதலமைச்சர் தலைமையில் ஆட்சிக்குழு, காலநிலை மாற்ற இயக்கம், அதை நடத்தப் பசுமைக் காலநிலை நிறுவனம். மாவட்டத்தில் ஆட்சியர் இயக்க இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இந்த ஏற்பாட்டை நான் குறைசொல்லமாட்டேன். ஆட்சியர் கையெழுத்துக்கு எல்லாத் துறையும் அசையும். ஆனால் அவர் மேசைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு வரும் என்பதையும், அதில் உன் கோப்பு எத்தனையாவதாக இருக்கும் என்பதையும் நீ போய்ப் பார்த்துக்கொள்.

கீழே வந்து பார். ஒரு கண்மாய், ஒன்றே ஒன்று போதும். தண்ணீர் யாருடையது? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அது கிடக்கும் நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு. கரையில் நிற்கும் மரத்தை வெட்ட ஓர் அனுமதி, உள்ளே மண்டிய சீமைக் கருவேலத்தை எடுக்க வேறோர் அனுமதி. மீன் பாசி ஏலம் தனிக் கணக்கு. ஊரக வேலைத் திட்டத்தில் வரத்துக் கால்வாய் தூர்வாருவது ஊரக வளர்ச்சித்துறை. அந்தத் தண்ணீரை நம்பி நாற்று விடச்சொல்வது நான், அதாவது வேளாண்மை. வாழைக்கும் வெற்றிலைக்கும் தோட்டக்கலை. கண்மாய்க்குத் தண்ணீர் தரும் மலை வனத்துறையிடம். வண்டல் மண் எடுப்பதற்குக்கூட முன்பு ஆட்சியர் அலுவலகம்வரை நடக்கவேண்டும். 2024 ஜூனில்தான் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று மாற்றினார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. என்னைக் கேட்டால், எத்தனையோ கருத்தரங்கு செய்யாத வேலையை அந்த ஓர் உத்தரவு செய்தது. ஒரு கையெழுத்தை விவசாயி வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது, அவ்வளவுதான்.

இதில் நானே பட்ட கதை ஒன்று சொல்கிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று கேட்காதே, அவர்களும் நல்லவர்கள்தான். ஒரு கண்மாயின் வரத்துக் கால்வாயை ஒரு துறை மாசியில் அழகாகத் தூர்வாரியது. போட்டோ எடுத்தார்கள், பயன்பாட்டுச் சான்று போனது. சித்திரையில் இன்னொரு துறை அதே கால்வாய்க்குக் குறுக்கே மண்சாலை போட்டு, அடியில் சிமென்ட் குழாய் பதித்தது. அவர்களும் போட்டோ எடுத்தார்கள். குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட ஒரு முழம் உயரம். தூர்வாரியதால் தரை இறங்கியது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கையில் இருந்தது பழைய மட்டம். ஐப்பசியில் வந்த தண்ணீர் குழாய்க்கு முன்னால் குளம்போல் நின்று, பக்கத்துக் கரும்புக்குள் இறங்கியது. கண்மாய் காய்ந்து கிடந்தது.

அவர்களை மட்டும் சொல்லி நான் தப்பிக்கக்கூடாது. வறட்சியைத் தாங்கும் குறுகிய கால நெல் விதைக்கு அந்த வருஷம் எனக்குப் பணம் வந்தது மார்ச் முதல் வாரத்தில். 31ஆம் தேதிக்குள் செலவழிக்கவேண்டும். ஆவணியில் கேட்ட விதையைப் பங்குனியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர்கள் கேலி செய்யக்கூட இல்லை. பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அது இன்றைக்கும் உறுத்துகிறது, தாயி.

ஆக, துறைகளுக்குள் சண்டை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நான் பார்த்தவரை சண்டை இரண்டு நாள்காட்டிகளுக்குள்தான். ஒன்று மார்ச் 31இல் முடிகிறது. மற்றது ஐப்பசி மழையில் தொடங்குகிறது. உன் முதல் கூட்டத்தில் வண்ணப் படங்கள் காட்டாதே. பெரிய காகிதம் ஒன்றைச் சுவரில் ஒட்டு. குறுக்கே பன்னிரண்டு மாதம், நெடுக்கே துறைகள். ஒவ்வொருவரும் எந்த மாதம் நிதி கேட்கிறார், எந்த மாதம் நிர்வாக அனுமதி வருகிறது, எந்த மாதம் மண்வெட்டி தரையில் படுகிறது என்று அவரவர் கையாலேயே எழுதச்சொல். ஐப்பசிக்கு முன்னால் முடியவேண்டிய வேலைகளில் எத்தனை தைக்குப் பிறகு நிற்கின்றன என்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு கோடு போடு. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. கார்த்திகையிலேயே எங்கள் கிணறுகள் சொல்லிவிட்டன. மாநிலம் முழுக்க வறட்சி என்ற அறிவிப்பு வந்தது 2017 ஜனவரி 10. அதற்குள் காயவேண்டியது காய்ந்துவிட்டது. கார்த்திகை 15இல் கண்மாயில் இத்தனை அடிக்குக் கீழே என்றால் தோட்டக்கலை இதைச் செய்யும், கால்நடைத் துறை தீவனத்துக்கு இன்னாரிடம் பேசும், கூட்டுறவுச் சங்கம் கடன் தவணையை எடுத்துப் பார்க்கும் என்று முன்பே எழுதி வைத்திருந்தால் நாற்பது நாள் கையில் இருந்திருக்கும். வெயிலுக்கும் அப்படித்தான். சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதல் என்றால் வெப்ப அலை என்று வானிலைத் துறை ஏற்கெனவே கோடு போட்டுத் தந்திருக்கிறது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்துவிட்டார்கள். கோடு நனைந்தால் எழுந்திருக்கும் ஆள் யார் என்பதுதான் பாக்கி. ஊரக வேலைத் திட்டத்தின் வேலை நேரத்தை மாற்றுவது யார், தண்ணீர்ப் பந்தல் யார் பொறுப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புக் கரைசல் இருக்கிறதா என்று எண்ணுவது யார்? 'சம்பந்தப்பட்ட துறை' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதாதே. பதவியை எழுது, செல்போன் எண்ணை எழுது. அவர் மாற்றலாகிப் போனால் அன்றே அடித்து மாற்று.

சில இடங்களில் திட்டத்துக்குள்ளேயே முரண் இருக்கும். விவசாயப் பம்புசெட்டுக்கு 1990 முதல் நம் மாநிலத்தில் மின்சாரம் இலவசம். இப்போது மானியத்தில் சோலார் பம்பும் வருகிறது. புகை இல்லை, நல்லதுதான். ஆனால் வெயில் அடிக்கும் நேரமெல்லாம் காசில்லாமல் ஓடும் மோட்டாரை யார் நிறுத்துவார்? ஓர் இயக்கம் கரியைக் குறைக்கிறது, இன்னோர் இயக்கம் காப்பாற்றச்சொன்ன நிலத்தடி நீரை அதே பம்பு இறைத்துக் கொட்டுகிறது. கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் தேநீரைப் பார்ப்பார்கள். நீ சிரித்து மழுப்பாதே. சோலார் பம்பு கேட்கும் அதே ஆளுக்குச் சொட்டுநீரும் சேர்ந்தே போகுமா, இரண்டு துறைகளின் கோப்புகளையும் ஒரே நாளில் எடுக்கமுடியுமா என்று கேள். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் இருக்கிறது. ஆனால் சிறு, குறு விவசாயி என்ற சான்றிதழ், சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் அவர் இரண்டு அலுவலகத்துக்கு இரண்டு முறை தூக்கிக்கொண்டு அலைகிறார். காலநிலைக்கு உன்னால் என்ன செய்யமுடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டாவது அலைச்சலை உன்னால் நிறுத்தமுடியும்.

வெளியே கைகொடுக்கவும் ஆள் உண்டு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி நம் வாசலில் இருக்கிறது. காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம். கண்மாய் வேலையில் மதுரை தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து வயலகம் என்று ஊர் ஊராகச் சங்கம் கட்டி நடத்துகிறது. நபார்டு பணம் கொண்டுவரும். இவர்களைக் கூட்டத்தின் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து, 'நன்றி' சொல்லும்போது மட்டும் பெயர் வாசிக்கிற வழக்கம் உண்டு. அதைச் செய்யாதே. அதேபோல, மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டியை ஒரு நாளாவது கூப்பிடு. அவரைக் கலெக்டர் ஆபீசுக்கு வரச்சொல்லாதே, ஒரு நாள் கூலி போய்விடும். மேசையைக் கலுங்குக்குக் கொண்டு போ.

இது வெறும் பேச்சில்லை. 2007இல் உலக வங்கிக் கடனில் நீர்வள, நிலவளத் திட்டம் வந்தபோது 63 உபவடிநிலங்களில் பல துறைகளைச் சேர்த்தார்கள். அந்த மாதிரி வேலையில் எனக்குப் பிடித்த ஒன்று, ஆரம்பத்தில் எல்லாத் துறைக்காரரும் ஊராரோடு கால்வாய் வழியே சேர்ந்து நடப்பது. பொறியாளர், நான், மீன்வளத்துறைக்காரர், கால்நடை மருத்துவர். முள் குத்தும், யாரோ ஒருவர் வீட்டில் மோர் தருவார்கள். மூன்றாவது கிலோமீட்டரில் பதவி மறந்துபோகும். அப்படி நடந்த இடங்களில் பிற்பாடு போன் எடுத்து, "அண்ணே, அந்த ஓடை வளைவு இருக்குல்ல" என்றால் போதும். நடக்காமல் அறையிலேயே பிரித்துக்கொண்ட இடங்களில் அவரவர் பங்கை அவரவர் முடித்தார்கள், அத்தோடு சரி.

உதவியாளர்களிடம் மரியாதையாக இரு. கோப்பு எந்த அலமாரியில் தூங்குகிறது என்று அதிகாரிக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். நல்ல பெயர் கிடைக்கும்போது முன்னால் போய் நிற்காதே. வன அலுவலர் நட்ட மரம் வனத்துறையின் மரமாகவே இருக்கட்டும். அது உன் இயக்கத்தின் கணக்கில் வரவில்லையே என்று வருத்தப்பட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர் இளநிலை உதவியாளரை அனுப்பிவைப்பார்.

பெரியம்மா, புரட்டாசிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னாள். நான் சொன்ன அந்தச் சிமென்ட் குழாய் இன்னும் அங்கேயே கிடக்கிறது. நான் வேலையில் இருந்தபோது இரண்டு கடிதம் எழுதினேன், பதில் வந்தது, குழாய் நகரவில்லை. இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். தெரிந்த பொறியாளர் யாராவது இருந்தால் மட்டம் பார்க்கும் கருவியோடு கூட்டிவா. ஒரு முழம் என்பது என் கண் அளவு, அதை அடியிலும் அங்குலத்திலும் எழுதிக்கொள்ளலாம். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வா. கருவேல முள் அப்படியே இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா