தேடலும் தெளிவும்

நுழையும்முன்

ஐயம் எழுந்தால் ஆசிரியரையோ ஊர்ப் பெரியவரையோ நூலகத்தையோ நாடுவது முந்தைய தலைமுறையின் வழக்கம். இன்று பெரும்பாலான வினாக்கள் தேடுபொறியிடமே முதலில் கேட்கப்படுகின்றன. கோடிக்கணக்கான பக்கங்களுள் எதை முதலில் காட்டுவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்பதை அப்பொறி நொடிப்பொழுதில் முடிவு செய்துவிடுகிறது. அம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது? தமிழில் தேடுவோருக்கு நேரும் இடர்கள் யாவை? அவற்றால் உழவும் தொழிலும் எவ்வாறு பாதிக்கப்படுகின்றன? இவ்வினாக்களுக்கு அறிஞர்கள் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிகண்டு முதல் சொல்லடைவு வரை

வேண்டியதை விரைந்து கண்டறிய வழி வகுத்தல் தமிழருக்குப் புதிதன்று. ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களையும், ஒரு சொல்லுக்கு அமைந்த பல பொருள்களையும் நிகண்டுகள் தொகுத்து வைத்தன. திவாகர நிகண்டின் 12 தொகுதிகளுள் பதினொன்றாவது, ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தமையால் அவற்றை மனப்பாடம் செய்தவரே எளிதில் பயன்கொள்ள முடிந்தது. 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை எழுத்து வரிசையில் அமைத்துத் தேடும் வழியை எளிதாக்கியது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்தார்.

இருபதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 'பழந்தமிழ் நூற் சொல்லடைவு' என்னும் தொகுப்பை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. பழந்தமிழ் நூல்களில் பயிலும் ஒவ்வொரு சொல்லும் எந்நூலில், எவ்விடத்தில் வருகிறது என்பதை அது காட்டுகிறது. நூலைத் திறந்து சொல்லைத் தேடுவதற்கு மாறாக, சொல்லைப் பிடித்து நூலை அடையும் வழி இது. இன்றைய தேடுபொறியின் உள்ளே இருப்பதும் இத்தகைய சொல்லடைவே ஆகும்.

பொறி இயங்கும் முறை

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் என்னும் மாணவர் 1990இல் உருவாக்கிய 'ஆர்ச்சி', இணையத் தேடுபொறிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அது கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடித் தந்தது. பின்வந்த பொறிகள் பக்கங்களின் முழு உள்ளடக்கத்தையும் தேடும் திறன் பெற்றன.

தேடுபொறியின் பணி மூன்று படிகளைக் கொண்டது. முதலில், ஊர்வி எனப்படும் நிரல் ஓர் இணைப்பிலிருந்து மற்றோர் இணைப்புக்குச் சென்று பக்கங்களைத் திரட்டுகிறது. அடுத்து, அப்பக்கங்களிலுள்ள சொற்களுக்கு அடைவு உருவாக்கப்படுகிறது. இறுதியாக, நாம் வினவும்போது பொருந்தும் பக்கங்கள் தெரிந்தெடுக்கப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன.

முதலிரு படிகளும் உழைப்பு சார்ந்தவை. மூன்றாம் படி தீர்ப்பு சார்ந்தது. எச்சொல்லுக்கு மதிப்பு மிகுதி என்னும் வினாவுக்குப் பிரித்தானிய அறிஞர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் விடை கண்டார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் ஓர் ஆவணத்தைப் பிரித்துக் காட்ட உதவாது. சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லே மிகுதியும் உதவும். 'மாவுப்பூச்சியை ஒழிப்பது எப்படி' என்னும் வினாவில் 'எப்படி' என்பது எங்கும் காணப்படும் சொல். 'மாவுப்பூச்சி' என்பதே வழிகாட்டும் சொல்.

எப்பக்கத்துக்கு மதிப்பு மிகுதி என்பது அடுத்த வினா. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாகிய செர்ஜி பிரின், லாரி பேஜ் ஆகியோர் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை கூறினர். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் இணைப்புத் தந்து சுட்டுகின்றன, சுட்டும் பக்கங்களின் மதிப்பு எத்தகையது என்பவற்றைக் கொண்டு அவர்கள் தரத்தைக் கணித்தனர். சான்றோர் பலரால் எடுத்துக்காட்டப்படும் நூல் சிறந்தது எனக் கொள்ளும் கல்வியுலக வழக்கமே இதற்கு அடிப்படை. கூகுள் தேடுபொறி இவ்வாறு பிறந்தது. விளம்பர வருவாயை நம்பும் தேடுபொறி, விளம்பரம் தருவோர் பக்கம் சாயக்கூடும் என்ற எச்சரிக்கையையும் அவர்கள் அதே கட்டுரையில் பதிவு செய்திருந்தமை கருதத்தக்கது.

தமிழ்த் தேடலின் தனி இடர்கள்

தொடக்கக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்ற முறைகளில் அமைந்திருந்தன. ஒரு முறையில் எழுதிய சொல், மற்றொரு முறையில் தேடுவோருக்கு அகப்படவில்லை. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு தமிழ்99 விசைப்பலகைக்கும் குறியேற்றத் தரப்பாட்டுக்கும் வழிவகுத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறி பரவிய பின்னரே உலகெங்கும் எழுதப்படும் தமிழ், ஒரே தேடலில் அகப்படும் நிலை உருவாயிற்று.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தபின் இலக்கணச் சிக்கல் எஞ்சி நின்றது. தமிழ் ஒட்டுநிலை மொழி. 'மரம்' என்னும் பெயர் மரத்தை, மரத்தால், மரத்துக்கு, மரத்தின் எனத் திரியும். 'மரம்' எனத் தேடுவோருக்கு 'மரத்தை' என்னும் சொல்லுள்ள பக்கமும் கிடைக்கவேண்டுமெனில், சாரியையையும் உருபையும் நீக்கி அடிச்சொல்லை அறியும் திறன் பொறிக்கு வேண்டும். ஆயினும், கண்மூடித்தனமாக நீக்கினால் பொருள் மயங்கும். 'ஆற்றில் வெள்ளம்' என்பதில் உள்ளது நீரோடும் ஆறு. 'ஆறில் ஒரு பங்கு' என்பதில் உள்ளது எண். புணர்ச்சி விதி பிரித்துக் காட்டிய இவ்விரு சொற்களையும், உருபு நீக்கிய பொறி ஒன்றாக்கிவிடுகிறது. இலக்கணம் கற்றோரும் கணினி கற்றோரும் ஒருங்கிணைந்தால் அன்றி இதற்குத் தீர்வு இல்லை. சென்னையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகமும் ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துள்ளன. நடுவண் அரசின் உதவியுடன் பல கல்வி நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய 'சந்தான்' தேடுபொறி, சுற்றுலாத் துறைக்கென வங்காளம், இந்தி, மராத்தி, தமிழ், தெலுங்கு ஆகிய ஐந்து மொழிகளில் அமைந்தது.

ஒரு பெயர், இரு பூச்சிகள்

தேடலின் விளைவை நிலத்திலேயே காட்டும் நிகழ்வு ஒன்று சேலம், நாமக்கல் சமவெளியில் உண்டு. ஆத்தூர், இராசிபுரம் வட்டாரங்களில் விளையும் மரவள்ளிக்கிழங்கு, ஜவ்வரிசி ஆலைகளுக்கு மூலப்பொருள். நட்டபின் அறுவடைக்குப் பல மாதங்கள் காத்திருக்கவேண்டிய இப்பயிரை நம்பி உழவர் முதல் ஆலைத் தொழிலாளர் வரை பலர் வாழ்கின்றனர்.

2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களை அது தாக்கியது. 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'அசரோபேகஸ் பப்பாயே' என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி அதனைக் கட்டுப்படுத்தியது. பின்னர் 2020இல் கேரளத்தின் திருச்சூரில் வேறோர் இனமாகிய மரவள்ளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டு, தமிழகத்திலும் பரவியது. இதன் இயற்கை எதிரி 'அனாகைரஸ் லோபெசி' என்னும் மற்றொரு குளவி. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அதனை வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடச் செய்தது.

இங்குத் தேடுபொறியின் முன்னுள்ள சிக்கலைக் காண்போம். மக்கள் வழக்கில் இரண்டும் 'மாவுப்பூச்சி' என்னும் ஒரே பெயர் பெறுகின்றன, தீர்வோ வெவ்வேறு. பழைய பூச்சியைப் பற்றிய பக்கங்கள் பல ஆண்டுகளாக இணைப்புகளைச் சேர்த்திருக்கும். புதிய பூச்சியைப் பற்றிய பக்கத்துக்கு அவ்வாய்ப்புக் குறைவு. இணைப்பின் எண்ணிக்கையை மட்டும் நோக்கும் பொறி, பழையதையே முன்னே வைக்கக்கூடும். மேலும், மரவள்ளிக்குச் சேலம் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்றும், குமரி மாவட்டத்தில் மரச்சீனி என்றும், வேறு சில இடங்களில் கப்பக்கிழங்கு என்றும் பெயர்கள் உள்ளன. உழவர் 'குச்சிக்கிழங்கு' எனத் தேட, ஆய்வாளர் 'மரவள்ளி' என எழுத, இருவரும் சந்திக்காமலே போகலாம். நிகண்டு ஆசிரியர்கள் எதிர்கொண்ட அதே இரு சிக்கல்கள் இவை: ஒரு பொருளுக்குப் பல பெயர், ஒரு பெயருக்குப் பல பொருள். அன்று மயக்கம் செய்யுளின் பொருளைக் கெடுத்தது. இன்று தவறான மருந்துக்குச் செலவழிக்கச் செய்து, ஓராண்டு விளைச்சலையே கெடுக்கக்கூடும்.

வரிசையும் நம்பிக்கையும்

பொறி தரும் வரிசையை மக்கள் எந்த அளவு நம்புகின்றனர் என்பதையும் அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. மாணவர்களின் கண் அசைவைக் கருவியால் பதிவு செய்த ஆய்வாளர்கள், சிலருக்குத் தேடல் முடிவுகளை அவர்கள் அறியாவண்ணம் தலைகீழாக மாற்றிக் காட்டினர். பொருத்தம் குறைந்த முடிவு மேலே வந்தபோதும், மாணவர்கள் மேலிருப்பதையே பெரிதும் நாடினர். இடமே தகுதியாகிவிட்டது.

எனவே, இடத்தைப் பங்கிடும் அதிகாரம் சமூக அதிகாரமாகிறது. லூகாஸ் இன்ட்ரோனா, ஹெலன் நிசன்பாம் ஆகியோர் 2000ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை முன்வைத்தனர். வளமும் புகழும் உடைய பக்கங்கள் மேலும் உயர, சிறுபான்மைக் குரல்கள் மறையக்கூடும் என்பது அவர்களது வாதம். கறுப்பினப் பெண்களைத் தேடல் முடிவுகள் இழிவாகச் சித்திரித்தமையை ஆராய்ந்த சபியா நோபிள், 2018இல் வெளியிட்ட நூலில், சமூகத்தின் சாய்வுகள் பொறியிலும் படிகின்றன என்று விளக்கினார்.

இவ்விவாதம் இந்தியாவிலும் எழுந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மேட்ரிமோனி நிறுவனமும் நுகர்வோர் அமைப்பொன்றும் தந்த முறையீடுகளின்பேரில், இந்தியப் போட்டி ஆணையம் கூகுள் நிறுவனத்தை விசாரித்தது. விளம்பரம் தொடர்பான குற்றச்சாட்டுகளை ஏற்காத ஆணையம், தன் விமானப் பயணச் சேவைக்குத் தேடல் பக்கத்தில் முதன்மை இடம் தந்தது முறையன்று என்பது உள்ளிட்ட காரணங்களால் 2018 பிப்ரவரியில் ₹135.86 கோடி தண்டம் விதித்தது. அம்முடிவு மேல்முறையீட்டுக்கும் சென்றது. ஐரோப்பிய ஆணையம் 2017இல் இதனையொத்த வழக்கில் 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

தெரிந்து தெளிவோம்

இன்று சில தேடுபொறிகள் பக்கங்களின் பட்டியலுக்கு மேலே, செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்க விடையையும் தருகின்றன. அவ்விடையில் பிழை இருக்கக்கூடும். அதற்கு ஆதாரமான பக்கத்தைத் திறந்து ஒப்பிடுதல் நலம்.

தேடுவோர் கடனும் எழுதுவோர் கடனும்

தேடுபொறியைப் புறக்கணிப்பது இயலாது. கண்மூடி நம்புவதும் தகாது. கிடைத்த பக்கத்தை எழுதியவர் யார், எந்த நாளில் எழுதப்பட்டது, அது விளம்பரமா என்னும் மூன்று வினாக்களை முதலில் எழுப்புதல் வேண்டும். ஒரே பொருளை வேறு பெயர்களாலும் தேடிப் பார்த்தல் வேண்டும். உடல்நலம், பயிர்நலம் போன்றவற்றில் திரையோடு நில்லாது மருத்துவரையோ, சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ளவை போன்ற வேளாண் அறிவியல் நிலையங்களையோ அணுகி உறுதி செய்தல் வேண்டும்.

தேடுவோர்க்குக் கடன் இருப்பதுபோல் எழுதுவோர்க்கும் உண்டு. எழுதப்படாததை எப்பொறியாலும் கண்டுபிடிக்க இயலாது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகமும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் தமிழ் அறிவை இணையத்தில் ஏற்றின. ஆயினும், ஜவ்வரிசி ஆலையிலும் லாரிக் கூண்டு கட்டும் பட்டறையிலும் கோழிப் பண்ணையிலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும் வழங்கும் சொற்களுள் பல இன்னும் எழுத்தேறவில்லை. அவற்றைக் கேட்டறிந்து, பொருள் விளங்க எழுதி, வழங்கும் ஊரையும் குறித்து வைப்பவர், நாளை அச்சொல்லைத் தேடும் ஒருவருக்கு வழி அமைத்தவர் ஆவார்.

சொற்பொருள்

ஊர்வி – இணையப் பக்கங்களைத் திரட்டும் நிரல்
சொல்லடைவு – சொற்கள் வரும் இடங்களைக் காட்டும் அட்டவணை
குறியேற்றம் – எழுத்துகளைக் கணினிக்குரிய எண்களாக்கும் முறை
ஒருங்குறி – உலக மொழிகளுக்கான பொதுக் குறியேற்ற முறை
ஒட்டுண்ணிக் குளவி – பிற பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதனை அழிக்கும் குளவி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் தொழில் ஒன்றில் வழங்கும் 20 சொற்களைத் தொழிலாளரிடம் கேட்டறிந்து, பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.
2. ஒரே பயிரை அதன் வட்டாரப் பெயராலும் பொதுப் பெயராலும் தேடி, முதல் ஐந்து முடிவுகளை ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. தேடுபொறியின் மூன்று படிகள் யாவை?
2. 'ஆற்றில்', 'ஆறில்' – பொருள் வேறுபாடு தருக.

சிறுவினா
1. நிகண்டுக்கும் தேடுபொறிக்கும் உள்ள ஒப்புமையை விளக்குக.
2. தேடல் முடிவுகளின் வரிசை பற்றிய 2007ஆம் ஆண்டு ஆய்வு உணர்த்துவது யாது?

நெடுவினா
'ஒரு சொல்லின் மயக்கம் ஓராண்டு விளைச்சலையே கெடுக்கக்கூடும்' – மாவுப்பூச்சி நிகழ்வை முன்வைத்துக் கட்டுரைக்க.