எடை குறைந்தால் வேகம் கூடும்

பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகக் கிழக்கே சென்றால் கோயம்புத்தூர் வரும். அந்நகரின் தெற்கே, செட்டிபாளையத்தில், ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள மகிழுந்துப் பந்தய ஓடுதளம் ஒன்று உள்ளது. 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதன் பெயர் 'கரி'. கோவையைச் சேர்ந்த பந்தய வீரரும் ஊர்தி வடிவமைப்பாளருமான கரிவர்தனின் நினைவாக இடப்பட்ட பெயர் அது.

கரிவர்தனின் காலத்தில் பந்தய ஊர்தியை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது பெருஞ்செல்வர்க்கே இயல்வதாக இருந்தது. உள்நாட்டில் கிடைத்தவையோ சிறிய என்ஜின்கள். என்ஜினைப் பெரிதாக்க முடியாவிட்டால் ஊர்தியின் எடையையேனும் குறைக்க வேண்டும். தேயிலை நிறைந்த கூடையுடன் மூணாற்றுச் சரிவில் இறங்குபவர் நினைத்த இடத்தில் நிற்கவோ சட்டென்று திரும்பவோ முடிவதில்லை. வெறுங்கூடையோடு இறங்குபவருக்கு அத்தொல்லை இல்லை. ஊர்திக்கும் இது பொருந்தும்.

எடையைக் குறைக்க உதவிய பொருள்களுள் ஒன்று கண்ணாடி இழை. உருக்கிய கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்துப் பாய் போலாக்குவர். வேண்டிய வடிவில் அச்சு செய்து, ஒட்டாதிருக்க அதில் மெழுகு பூசி, இழைப்பாயை விரித்துப் பிசினை ஊற்றுவர். காற்றுக் குமிழிகள் தங்காதவாறு உருளையால் அழுத்த வேண்டும். பொறுமையற்றவர் செய்யும் பாகம் இங்கேதான் கெடும். இறுகியபின் அது இரும்பைவிடப் பன்மடங்கு இலேசாக இருக்கும். பெரிய ஆலை வேண்டா. ஒரு கொட்டகையே போதும். 1980களில் பெங்களூரில் உருவான சிப்பானி டால்பின் மகிழுந்தின் உடற்கூடு இப்பொருளால் ஆனதே. அணைகளில் விரையும் படகுகள் பலவும் இவ்வாறே செய்யப்படுகின்றன.

அப்படியானால் என்ஜின் முழுவதையும் கண்ணாடி இழையால் செய்யலாகாதா? ஆகாது. எரிபொருள் எரியும்போது உருளைக்குள் எழும் வெப்பம் 2000 பாகை செல்சியசையும் தாண்டும். இழை ஓரளவு தாங்கினாலும், சாதாரணப் பிசின் கொதிநீரின் வெப்பத்தை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். ஆகவே உருளை, உந்துதண்டு, புகைபோக்கி ஆகியன உலோகமாகவே இருக்க வேண்டும். காற்றை உள்ளிழுக்கும் குழாய், விசிறிக் கூடு, என்ஜின் மூடி முதலிய வெளிப்பாகங்களுக்கே கண்ணாடி இழை ஏற்றது. 1963இல் அறிமுகமான போர்ஷே 911 என்னும் விளையாட்டு மகிழுந்து இதற்குத் தக்க சான்று. அதன் பழைய வகைகளில் என்ஜினைக் குளிர்விக்க நீர் இல்லை. பெரிய விசிறியின் காற்றே உதவியது. அக்காற்றை ஆறு உருளைகளின்மீதும் பரப்பிய கூடு கண்ணாடி இழையால் ஆனது.

இத்தகைய பழைய மகிழுந்துகளைப் பேணுவோர் பலர். ஆலைகள் உதிரிப்பாகம் செய்வதை நிறுத்திவிட்டால், உடைந்த மூடியைப் பொருத்தி அச்செடுத்துப் புதியதை வார்த்துக்கொள்கின்றனர். இழையை அராவும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு தரும். முகமூடியின்றி அப்பணியைத் தொடுதல் கூடாது.

கரிவர்தன் 1980களின் இறுதியில் 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை இருக்கைப் பந்தய ஊர்தியை உருவாக்கினார். மாருதி 800இன் 796 கன சென்டிமீட்டர் என்ஜினே அதன் உயிர். சந்தைக்குச் செல்லும் குடும்ப மகிழுந்தின் என்ஜின் அது! எடை குறைந்த சட்டத்தில் அமர்ந்ததும் அதுவே பந்தயத்திற்குப் போதுமானதாயிற்று. செலவு குறைந்ததால் இளைஞர் பலர் ஓட்டப் பழகினர். அவர்களுள் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயனும் ஒருவர். அவர் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதனைக் காணவில்லை; 1995இலேயே மறைந்துவிட்டார்.

சொற்பொருள்: தருவித்தல் – வரவழைத்தல், அராவுதல் – தேய்த்து மழுப்புதல், பேணுதல் – காத்தல்.

வினாக்கள்
1. விசிறிக் கூட்டைக் கண்ணாடி இழையால் செய்யலாம். உந்துதண்டைச் செய்ய இயலாது. ஏன்?
2. உங்கள் வீட்டிலோ ஊரிலோ கண்ணாடி இழையால் ஆன பொருள் ஒன்றைக் கண்டு, அது ஏன் இரும்பால் செய்யப்படவில்லை என்று ஐந்து வரிகளில் எழுதுக.